விலைப் போட்டியும் அளவுப் போட்டியும்: புத்தாக்கத்தின் பலன் யாரிடம் தங்குகிறது? – பென்னாகரம் வட்டாரச் சந்தையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு சந்தையில் நிறுவனங்கள் விலையை வைத்துப் போட்டியிடும்போது இலாபம் குறைகிறது. உற்பத்தி அளவை வைத்துப் போட்டியிடும்போது இலாபம் ஓரளவு நிலைக்கிறது. இது பொருளியலில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட முடிவு. ஆனால் இவ்விரண்டில் எது புத்தாக்கத்தை மிகுதியாக ஊக்குவிக்கும் என்ற வினாவிற்கு ஒற்றை விடை இல்லை. புத்தாக்கம் எவ்வளவு விரைவில் பின்பற்றப்படுகிறது, பண்டங்கள் ஒன்றிலிருந்து ஒன்று எந்த அளவிற்கு வேறுபடுகின்றன என்னும் இரண்டுமே விடையைத் தீர்மானிக்கின்றன என்பதை இக்கட்டுரை எளிய எண் எடுத்துக்காட்டின் வழியாக விளக்குகிறது. தருமபுரி மாவட்டம் பென்னாகரத்தின் கடைகளுக்கு வந்துசேரும் சிமெண்ட், ஷாம்பு ஆகிய பண்டங்களின் வரலாறு இதற்குச் சான்றாக ஆராயப்படுகிறது. அவ்வட்டாரச் சிறுதானியப் பதப்படுத்துவோர்க்கு இதிலிருந்து கிடைக்கும் தெளிவும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: விலைப் போட்டி, அளவுப் போட்டி, இருவர் முற்றுரிமை, செய்முறைப் புத்தாக்கம், பண்டப் புத்தாக்கம், அறிவுக்கசிவு, பென்னாகரம்.

1. முன்னுரை

பென்னாகரம் தருமபுரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், ஒகேனக்கல் செல்லும் வழியில் அமைந்துள்ள வட்டத் தலைநகர். கேழ்வரகு, சாமை முதலிய சிறுதானியங்களும் புளியும் விளையும் மானாவாரி நிலப்பகுதி இது. இவ்வூரில் வீடு கட்டுவோர் வாங்கும் சிமெண்ட் மூட்டையும், பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் ஷாம்பு பொட்டலமும் வெளியூர் ஆலைகளில் உருவாகி இங்கு வருபவை. சாமையோ இங்கு விளைந்து வெளியூர் செல்வது. இம்மூன்றும் மூன்று வேறு வகையான போட்டிகளின் ஊடாகக் கைமாறுகின்றன. ஒரு நிறுவனம் செலவைக் குறைக்கும் முறையையோ புதிய பண்டத்தையோ கண்டறிந்தால், அதன் பலன் அந்நிறுவனத்திடம் தங்குமா, நுகர்வோரைச் சேருமா, போட்டியாளருக்குக் கசியுமா என்பதை அப்போட்டியின் வகையே பெரிதும் முடிவு செய்கிறது.

2. இரு மாதிரிகளின் தோற்றம்

பிரெஞ்சுக் கணிதவியலாளர் அந்துவான் அகுஸ்தான் கூர்னோ 1838இல் வெளியிட்ட நூலில், ஒரே தன்மையுள்ள கனிம நீரூற்றுகளின் உரிமையாளர் இருவரைக் கற்பனை செய்தார். ஒவ்வொருவரும் மற்றவரின் அளவை நிலையானதாகக் கொண்டு, தாம் எவ்வளவு நீரைச் சந்தைக்கு அனுப்புவது என்று முடிவு செய்கின்றனர். மொத்த அளவிற்கேற்ப விலையைச் சந்தை நிர்ணயிக்கிறது. இதுவே அளவுப் போட்டி.

1883இல் ஜோசப் பெர்ட்ராண்ட் இதனை மறுத்தார். விற்பவர் அளவை அறிவித்துவிட்டு விலைக்காகக் காத்திருப்பதில்லை. விலையையே அறிவிக்கின்றனர் என்பது அவரது வாதம். இருவரின் பண்டமும் ஒன்றே எனில், சற்றே குறைந்த விலை கூறுபவர் சந்தை முழுவதையும் கைப்பற்றுவார். ஆகவே விலை செலவின் அளவிற்கு இறங்கும்வரை போட்டி ஓயாது. இதுவே விலைப் போட்டி.

இவ்விரண்டில் எது மெய்யானது என்ற விவாதத்திற்கு, கிரெப்சும் சைன்க்மனும் 1983இல் வெளியிட்ட கட்டுரை புதிய திருப்பம் தந்தது. நிறுவனங்கள் முதலில் உற்பத்தித் திறனை நிறுவி, அதன்பின் விலையில் போட்டியிட்டால், குறிப்பிட்ட எடுகோள்களின் கீழ், முடிவு கூர்னோ கூறியபடியே அமையும் என அவர்கள் காட்டினர். எனவே, திறனை நினைத்தபோது கூட்டவோ குறைக்கவோ இயலாத கனரகத் தொழில்களுக்கு அளவுப் போட்டி மாதிரியும், உற்பத்தியை எளிதில் பெருக்கக்கூடிய தொழில்களுக்கு விலைப் போட்டி மாதிரியும் பொருந்தும் எனக் கொள்வது வழக்கமாயிற்று.

3. இலாபம்: ஓர் எண் எடுத்துக்காட்டு

இரு நிறுவனங்கள் ஒரே பண்டத்தை விற்கின்றன எனக் கொள்வோம். சந்தை விலை, 100இலிருந்து மொத்த அளவைக் கழித்தால் கிடைப்பது. ஓர் அலகுக்கான செலவு இருவருக்கும் 40.

அளவுப் போட்டியில் ஒவ்வொரு நிறுவனமும் 20 அலகுகள் விற்கும், விலை 60, ஒவ்வொன்றின் இலாபமும் 400. விலைப் போட்டியில் விலை 40ஆக இறங்கும். மொத்த விற்பனை 60 அலகுகள். இலாபம் இருவருக்கும் இல்லை. நுகர்வோருக்கு விலைப் போட்டியும், நிறுவனங்களுக்கு அளவுப் போட்டியும் நன்மை தருவன என்பது இதனால் விளங்கும்.

பண்டங்கள் முழுதும் ஒன்றாக இல்லாதபோது இந்த இடைவெளி சுருங்குகிறது. போட்டியாளரின் ஓர் அலகு, தன் அலகின் பாதி அளவிற்கே தன் விலையைப் பாதிக்கிறது எனக் கொண்டால், அளவுப் போட்டியில் ஒவ்வொன்றின் இலாபம் 576. விலைப் போட்டியில் ஏறத்தாழ 533. ஒன்றற்கொன்று மாற்றாக அமையும் பண்டங்களில் அளவுப் போட்டியே மிகுந்த இலாபம் தரும் எனச் சிங்கும் விவேசும் 1984இல் நிறுவிய முடிவோடு இது ஒத்துப்போகிறது. ஆனால் கருதத்தக்க செய்தி வேறொன்று. பண்டத்தை வேறுபடுத்துவதால் அளவுப் போட்டியாளருக்குக் கிடைக்கும் கூடுதல் இலாபம் 176. விலைப் போட்டியாளருக்கோ 533. வேறுபாடு முன்னவருக்கு வசதி, பின்னவருக்கு வாழ்வாதாரம்.

4. புத்தாக்கத்தின் பலன்

இனி, செலவை 40இலிருந்து 37ஆகக் குறைக்கும் புதிய செய்முறை ஒன்று கண்டறியப்படுகிறது எனக் கொள்வோம். அதை ஒருவர் மட்டும் கையாளும் நிலையிலும், மற்றவரும் பின்பற்றிவிட்ட நிலையிலும் கண்டறிந்தவருக்குக் கிடைக்கும் இலாபத்தை அட்டவணை காட்டுகிறது (எண்கள் முழுமையாக்கப்பட்டவை).

| நிலை | அளவுப் போட்டி | விலைப் போட்டி |
|---|---|---|
| ஒரே வகைப் பண்டம்: புத்தாக்கத்திற்கு முன் | 400 | 0 |
| ஒரே வகைப் பண்டம்: ஒருவர் மட்டும் கையாளும்போது | 484 | 180 |
| ஒரே வகைப் பண்டம்: இருவரும் கையாளும்போது | 441 | 0 |
| வேறுபட்ட பண்டம்: புத்தாக்கத்திற்கு முன் | 576 | 533 |
| வேறுபட்ட பண்டம்: ஒருவர் மட்டும் கையாளும்போது | 655 | 611 |
| வேறுபட்ட பண்டம்: இருவரும் கையாளும்போது | 635 | 588 |

அட்டவணையிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, ஒரே வகைப் பண்டச் சந்தையில் புத்தாக்கத்தைத் தனியுரிமையாக வைத்திருக்க முடிந்தால், விலைப் போட்டியே மிகுந்த ஊக்கம் தருகிறது. அங்கு கூடுதல் பலன் 180. அளவுப் போட்டியில் 84 மட்டுமே. ஏற்கெனவே 400 ஈட்டும் நிறுவனம் அதை ஓரளவு உயர்த்திக்கொள்கிறது. ஒன்றும் ஈட்டாத நிறுவனமோ சந்தை முழுவதையும் பெறுகிறது. இலாபம் மிகுந்த நிறுவனத்திற்குப் புத்தாக்க ஊக்கம் குறைவு என்று கென்னத் ஆரோ 1962இல் முன்வைத்த வாதத்தின் சாயல் இதில் உண்டு.

இரண்டாவதாக, புத்தாக்கம் பின்பற்றப்பட்டுவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. அளவுப் போட்டியில் 41 எஞ்சுகிறது; விலைப் போட்டியில் எதுவும் எஞ்சுவதில்லை. செலவில் குறைந்த 3 ரூபாயும் விலைப் போட்டியில் அப்படியே நுகர்வோரைச் சேர்கிறது. அளவுப் போட்டியில் விலை 60இலிருந்து 58ஆக மட்டும் குறைவதால், மூன்றில் ஒரு பங்கு நிறுவனங்களிடம் தங்கிவிடுகிறது. முற்றுரிமை இலாபம் புத்தாக்க முயற்சியின் மூலதனம் என்னும் சும்பீட்டரின் கருத்து இங்குப் பொருந்துகிறது.

மூன்றாவதாக, பண்டங்கள் வேறுபட்டிருப்பின் இந்த ஏற்ற இறக்கம் தணிகிறது. ஒருவர் மட்டும் கையாளும்போது கிடைக்கும் கூடுதல் பலன் அளவுப் போட்டியில் 79, விலைப் போட்டியில் 77. இருவரும் கையாளும்போது 59, 55. பண்ட வேறுபாடு, செலவுக் குறைப்பின் பலனையும் சேர்த்துக் காக்கிறது.

5. ஆய்வுலகின் முடிவுகள்

மேற்கண்ட எண்கள் கோட்பாட்டு இலக்கியத்தில் காணப்படும் முரண்பாடுகளைப் புரிந்துகொள்ள உதவுகின்றன. ஒரே வகைப் பண்டமும் காப்புரிமைப் பந்தயமும் உள்ள சந்தையை எடுத்துக்கொண்ட டெல்போனோ, டெனிகோலோ ஆகியோர் (1990) விலைப் போட்டியில் ஆய்வுச் செலவு மிகும் என்றனர். பெஸ்டரும் பெட்ராக்கிசும் (1993) பண்ட வேறுபாடு குறைவாயின் விலைப் போட்டியும், மிகுதியாயின் அளவுப் போட்டியும் செலவுக் குறைப்பிற்கு மிகுந்த ஊக்கம் தரும் எனக் காட்டினர். வேறுபட்ட பண்டங்களும் அறிவுக்கசிவும் உள்ள சந்தையை ஆராய்ந்த லாரி கியூ (1997), அளவுப் போட்டியிலேயே செய்முறை ஆய்வு மிகும் என்ற முடிவிற்கு வந்தார். எடுகோள்கள் வேறுபடுவதால் முடிவுகளும் வேறுபடுகின்றன. இவை ஒன்றையொன்று பொய்யாக்குவன அல்ல.

லின், சாகி ஆகியோரின் ஆய்வு (2002) வினாவையே இரண்டாகப் பிரித்தது. செலவைக் குறைக்கும் செய்முறைப் புத்தாக்கத்தில் அளவுப் போட்டி நிறுவனங்களும், பண்டத்தை வேறுபடுத்தும் பண்டப் புத்தாக்கத்தில் விலைப் போட்டி நிறுவனங்களும் மிகுதியாக முதலிடும் என்பது அதன் சாரம். எனவே, எந்தப் போட்டியில் புத்தாக்கம் மிகுதி என்பதைவிட, எந்தப் போட்டியில் எத்தகைய புத்தாக்கம் பிறக்கும் என்பதே பொருத்தமான வினா. தமிழகத்தின் இரு தொழில்களைக் கொண்டு இதனை நோக்கலாம்.

6. சிமெண்ட்: அளவே களம்

சிமெண்ட் ஆலை நிறுவப் பெருமுதலும் பல ஆண்டுகளும் தேவை. சுண்ணாம்புக்கல் கிடைக்கும் அரியலூர், விருதுநகர், திருநெல்வேலி போன்ற பகுதிகளையே ஆலைகள் சார்ந்துள்ளன. எடை மிகுந்த பண்டமாதலால் போக்குவரத்துச் செலவு சந்தையின் எல்லையை வகுக்கிறது. தரம் அரசின் தர நிர்ணயத்திற்கு உட்பட்டிருப்பதால் ஒரு நிறுவனத்தின் மூட்டைக்கும் மற்றொன்றின் மூட்டைக்கும் இடையே வேறுபாடு குறைவு. முதலில் திறன், பின்னர் விலை என்னும் வரிசை இத்தொழிலுக்கு இயல்பாகப் பொருந்துகிறது.

இந்தியாவில் சிமெண்ட் விலை நெடுங்காலம் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. 1982 பிப்ரவரியில் அக்கட்டுப்பாடு பகுதியளவிலும், 1989 மார்ச்சில் முழுமையாகவும் நீக்கப்பட்டது. இதற்குப் பின் நிறுவனங்கள் திறனைப் பெருக்கின. புத்தாக்கமோ பெரும்பாலும் ஆலைக்குள்ளேயே நிகழ்ந்தது. எரிபொருளை மிகுதியாக விழுங்கும் ஈரமுறை கைவிடப்பட்டு உலர்முறை பரவியது. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்ட் பெருகியது. சூளையின் கழிவு வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் முறை வந்தது. இவை பெரும்பாலும் வாங்குபவர் கண்ணில் படாத செய்முறைப் புத்தாக்கங்கள்.

அளவுப் போட்டிக்கும், அளவைக் குறைக்க உடன்படுவதற்கும் இடைப்பட்ட கோடு மெல்லியது. இந்தியப் போட்டி ஆணையம் 2012 ஜூனில் 11 சிமெண்ட் நிறுவனங்களுக்கு 6,300 கோடி ரூபாய்க்கும் மேல் தண்டம் விதித்தது. ஆலைத் திறன் முழுமையாகப் பயன்படுத்தப்படாமை, ஆணையம் எடுத்துக்கொண்ட சூழ்நிலைச் சான்றுகளுள் ஒன்று. அந்த ஆணை 2015இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தால் நீக்கப்பட்டது. ஆணையம் மீண்டும் விசாரித்து 2016இல் பிறப்பித்த ஆணையை 2018இல் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உறுதிசெய்தது. பின்னர் வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. தனித்தனியே முடிவெடுக்கும் நிறுவனங்களும் அளவுப் போட்டியில் செலவிற்கு மேற்பட்ட விலையைப் பெறக்கூடும் என்பதால், உயர்ந்த விலையை மட்டும் கொண்டு கூட்டுச்சதியை நிறுவ இயலாது. இத்தகைய வழக்குகளின் இடர்ப்பாடு இதுவே. விலைச் சுமை எத்தகைய பொதுச் சிக்கலாயிற்று என்பதற்கு, தமிழக அரசு 2015 தொடக்கத்தில் மூட்டை 190 ரூபாய்க்கு அம்மா சிமெண்ட் திட்டத்தைத் தொடங்கியது சான்று.

7. ஷாம்பு: வேறுபாடே காப்பு

ஷாம்புத் தொழில் இதற்கு எதிர்முனை. ஆலை அமைக்கச் சிறு முதல் போதும். உற்பத்தியை விரைவில் பெருக்கலாம். கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன், புட்டிகளில் மட்டும் விற்ற ஷாம்புவைச் சிறு பொட்டலத்தில் அடைத்து விற்கும் வழியைத் திறந்தார். வெல்வெட் ஷாம்பு அவ்வழியில் பரவியது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலுடன் தனியே தொழில் தொடங்கிச் சிக் ஷாம்புவை விற்றார். அந்நிறுவனமே 1998இல் கெவின்கேர் என்ற பெயரைப் பெற்றது.

பொட்டலம் சிறந்த புத்தாக்கம். ஆனால் அதைக் கண்டவர் எவரும் செய்யலாம். பன்னாட்டு நிறுவனங்களும் விரைவிலேயே அதை மேற்கொண்டன. விலை ஒரு ரூபாய், ஐம்பது காசு என நாணயத்தின் அளவிற்கு இறங்கியது. அட்டவணையின் மொழியில் கூறினால், இருவரும் கையாளும் நிலை வந்துவிட்டது. அதன் பெரும்பயன் நுகர்வோரைச் சேர்ந்தது. ஷாம்பு நகர்ப்புற வசதியுள்ளோரின் பண்டமாக இருந்த நிலை மாறிச் சிற்றூர்ப் பெட்டிக்கடையின் பண்டமாயிற்று.

நிறுவனம் நிலைபெற்றது பொட்டலத்தால் மட்டுமன்று. மலர் மணம், மீரா என்னும் பெயரில் சீயக்காய் மரபை ஒட்டிய பண்டங்கள், நைல் மூலிகை ஷாம்பு எனத் தமிழ் நுகர்வோரின் பழக்கத்தை ஒட்டிய வேறுபாடுகள் தொடர்ந்து உருவாக்கப்பட்டன. விலைப் போட்டி பண்டப் புத்தாக்கத்தைத் தூண்டும் என்னும் கோட்பாட்டின் எதிர்பார்ப்போடு இப்போக்கு பொருந்துகிறது. ஒரு நிறுவனத்தின் வரலாறு கோட்பாட்டை மெய்ப்பிக்காது. அது இயங்கும் வகையைக் காட்ட உதவும்.

வேறுபாடு வலுவற்ற இடத்தில் விலைப் போட்டி எவ்வாறு கடுமையாகும் என்பதற்குக் கைப்பேசிச் சேவை ஓர் எடுத்துக்காட்டு. நிறுவனங்கள் ஒரே சில உற்பத்தியாளர்களிடமிருந்து கருவிகளை வாங்குவதால், தொழில்நுட்ப முன்னிலை எவரிடமும் நெடுநாள் நிற்பதில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கிய பின் தரவுக் கட்டணம் வேகமாகச் சரிந்தது. 1999இல் தமிழகத்தில் தொடங்கப்பட்ட ஏர்செல், கடன் சுமை உள்ளிட்ட பல காரணங்களும் சேர்ந்து அழுத்த, 2018இல் திவால் நடவடிக்கையை நாடியது. நுகர்வோர் பெற்ற நன்மை பெரிது. ஆனால் போட்டியிடும் நிறுவனங்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டால் அந்நன்மை நீடிக்குமா என்ற வினா எழுகிறது.

8. பென்னாகரம் சிறு உற்பத்தியாளர்க்கு இதன் பொருள்

சாமையின் மதிப்பு உமி நீக்கத்தில் உயர்கிறது. உமி நீக்கும் இயந்திரம் விலைக்குக் கிடைப்பது. வாங்க வல்லவர் எவரும் வாங்கலாம். பதப்படுத்துவோர் இருவர் ஒரே தன்மையுள்ள சாமை அரிசியை விலைப் போட்டியில் விற்கின்றனர் எனக் கொண்டு மேற்கண்ட எண்களைப் பொருத்திப் பார்க்கலாம். இயந்திரத்தின் செலவு 50 எனின், ஒருவர் மட்டும் வாங்கினால் அவருக்கு 130 மிஞ்சும். இருவரும் வாங்கினால் இருவருக்கும் 50 நட்டம். எனவே ஒருவர் வாங்கிவிட்டால் மற்றவர் ஒதுங்கியிருப்பதே மேல். பண்டங்கள் வேறுபட்டிருந்தாலோ, போட்டியாளர் வாங்கியிருக்கும்போது தானும் வாங்குவதால் கிடைக்கும் பலன் 76. செலவு போக 26 மிஞ்சும். அந்நிலையில் இருவருமே முதலிட முன்வருவர்.

இதிலிருந்து மூன்று கொள்கைக் குறிப்புகள் பெறப்படும். முதலாவது, ஒரே வகை இயந்திரத்திற்கு அனைவர்க்கும் மானியம் அளித்தால் உற்பத்தித் திறன் உயரும். ஆனால் அதன் பலன் உற்பத்தியாளரிடம் தங்காமல் வாங்குபவரைச் சேரும். அவ்வாங்குபவர் நுகர்வோரா, கொள்முதல் செய்யும் சில வணிகரா என்பது அடுத்த வினா. வணிகர் சிலரே எனின், குறைந்த விலை நுகர்வோரை எட்டாமல் இடையிலேயே நின்றுவிடவும் கூடும்.

இரண்டாவது, செலவுக் குறைப்பிற்கு முன்னரோ அதனுடன் சேர்ந்தோ பண்ட வேறுபாடு உருவாக்கப்பட வேண்டும். பையூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட சாமை இரகங்களும், பாப்பாரப்பட்டியில் இயங்கும் வேளாண் அறிவியல் நிலையத்தின் பயிற்சிகளும் இதற்கு அடித்தளமாக அமையலாம். இரகத்தின் பெயர், தீட்டாத அரிசி, மாவு, உடனடி உணவு எனப் பண்டத்தைப் பிரித்தறியச் செய்யும் ஒவ்வொரு முயற்சியும் இயந்திர முதலீட்டின் பலனையும் காக்கும்.

மூன்றாவது, அறிவுக்கசிவு மிகுந்த தொழிலில் ஆய்வுச் செலவைப் பகிர்ந்துகொள்வது நன்று. கசிவு உயர்ந்த அளவில் இருக்கும்போது, ஆய்வில் ஒத்துழைத்து விற்பனையில் போட்டியிடும் நிறுவனங்கள் தனித்தனியே ஆராய்வதைவிட மிகுதியாக ஆய்வில் முதலிடும் என தாஸ்ப்ரெமோன், ஜாக்மேன் ஆகியோர் 1988இல் காட்டினர். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இயந்திரத்தையும் தரச் சோதனையையும் பொதுவில் வைத்துக்கொள்வதற்கு இது கோட்பாட்டு நியாயம் தருகிறது. விலையையும் அளவையும் நிர்ணயிக்கும் உடன்பாடுகளைத் தடைசெய்யும் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவும், செயல்திறனைக் கூட்டும் கூட்டு முயற்சிகளுக்கு விலக்கு அளிக்கிறது.

9. முடிவுரை

விலைப் போட்டி புத்தாக்கத்தைக் கொல்லும் என்பதும், அதுவே புத்தாக்கத்தின் தாய் என்பதும் பாதி உண்மைகள். தனியுரிமையாக வைத்துக்கொள்ள முடிந்த புத்தாக்கத்திற்கு விலைப் போட்டி பெரும் பரிசு தருகிறது. எளிதில் பின்பற்றத்தக்க புத்தாக்கத்திற்கு ஒன்றும் தருவதில்லை. அளவுப் போட்டி இவ்விரு நிலைகளிலும் மிதமான பரிசைத் தருகிறது. அப்பரிசின் ஒரு பகுதியை நுகர்வோர் உயர்ந்த விலையாகச் செலுத்துகின்றனர். சிமெண்ட் நிறுவனங்கள் சூளையைச் சீர்திருத்தியதற்கும், ஷாம்பு நிறுவனங்கள் மணத்தையும் பொட்டலத்தையும் மாற்றியதற்கும் இவ்வேறுபாடு ஒரு விளக்கம். பென்னாகரத்துச் சாமைக்கு இயந்திர மானியம் வழங்கத் திட்டமிடுவோர், அந்த இயந்திரம் செலவை எவ்வளவு குறைக்கும் என்பதோடு, குறைந்த செலவின் பலன் யார் கையில் தங்கும் என்பதையும் கணக்கிட வேண்டும்.